உடையாத பல்

“அக்கா, இது இன்னும் உசுரோட இருக்குமா?”

சானிப் இப்படிக் கேட்டபோது அவனுக்கு எட்டு வயது. கையில் அவனுடைய உள்ளங்கையை விடப் பெரிய சுறாப்பல் ஒன்று இருந்தது. அன்று காலை அப்பா குழியிலிருந்து எடுத்து, சேறு கழுவி, வாசலில் காயப்போட்டிருந்த பல். தார்சிக்கு அப்போது பதினெட்டு. அம்மா இல்லாத வீட்டில் உலை வைப்பதும் தம்பியை வளர்ப்பதும் அவள் வேலை. மரவள்ளி ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கும் லாரிகளின் பின்னால் தொற்றிக்கொண்டு போகும் பழக்கம் அவனுக்கு அந்த வயதிலேயே வந்திருந்தது. எப்படியாவது அவனை மலையில் பிடித்து வைக்கவேண்டும் என்ற கவலையில் அவள் சட்டென்று சொல்லிவிட்டாள்.

“இருக்கு. தெக்குக் கடல்ல, அடியில கெடக்கு. பல்லே இம்மாம் பெருசுன்னா வாய் எம்மாம் பெருசுன்னு நீயே பாத்துக்க. துறைமுகத்துப் படகெல்லாம் அதுக்கு வேர்க்கடலை. தோலோட முழுங்கிரும்.”

அவன் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கடிச்சா ரொம்ப வலிக்குமா?”

பயந்துபோய் ராத்திரி படுக்கையை நனைத்துவிடப் போகிறானே என்று அவளுக்கு இரக்கம் வந்தது. “வலிக்காதுடா. ஒரே கடிதான். வலிக்கிறதுக்கு நேரமே இருக்காது.”

மலைக்காரர்கள் முன்பெல்லாம் அதை இடிப்பல் என்றுதான் சொல்லிவந்தார்கள். இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் கிடக்குமாம். அரிசிப் பானைக்கு அடியில் ஒன்றை வைத்தால் அந்தக் கூரையில் மின்னல் இறங்காது. பிறகு நகரத்திலிருந்து ஆட்கள் வந்து, இது லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்திய சுறாவின் பல், இந்த மலையே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் காசு கொடுத்தும் வாங்கினார்கள். அதோடு அரிசிப் பானைகளுக்கு அடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. நெல் விளைந்த சரிவெல்லாம் குழியாயிற்று.

அப்பா அப்படி ஒரு குழியில்தான் போனார். நாலு ஆள் ஆழத்தில் பக்கவாட்டில் குடைந்துகொண்டு போயிருந்தார். மழைக்காலம். மேல்மண் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தோண்டி எடுத்தபோது முதலில் கால்தான் வெளியே வந்தது. பதிமூன்று வயதுச் சானிப் குழியின் வாயில் நின்று அதைப் பார்த்தான். மூன்று வருஷம் வாயே திறக்காமல் ஆடு மேய்த்தான். பதினாறாவது வயதில் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

“மண்ணுக்குள்ள என்னால முடியாதுக்கா. கடல்னா மேல வானமாவது இருக்கும்.”

“சுறா?”

“ஒரே கடிதானே. நீதான சொன்ன.”

துறைமுகத்தில் ஹாஜி மஹ்புத்தின் படகில் சேர்ந்தான். வலை இழுத்தான், சுக்கான் பிடித்தான், இமாஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு துறைமுகத் தெருவிலேயே குடியேறினான். மாதம் ஒருமுறை காய்ந்த மீனோடு மலைக்கு வருவான். வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே சொல்வான்: “உன் சுறா இந்த மாசமும் வரலக்கா. லீவு போட்டிருக்கு போல.” கடைசியாக வந்தபோது அதோடு இன்னொன்றும் சொன்னான். “இப்பல்லாம் பாதி நேரம் மீன் புடிக்கிறோம், பாதி நேரம் தண்ணி எறைக்கிறோம். ஹாஜியார் வருஷா வருஷம் புதுசா நீலம் அடிக்கிறாரு. அந்தப் பெயிண்டுதான் படகப் புடிச்சு வெச்சிருக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். தார்சியும் சிரித்தாள்.

தார்சியின் கணவன் கோசிம் பல் வியாபாரி. அவனைக் கட்டிய பிறகு அவள் குழிப்பக்கம் போகவில்லை. உடைந்த பல்லை முழுசாக்குவதுதான் அவள் வேலை. கடப்பாரை பட்டுப் பத்தில் ஒன்பது உடைந்துதான் வரும். நுனி இருக்காது, அல்லது வேர் ஒரு பக்கம் இருக்காது. ரெசின் பசையில் கல்தூளைக் குழைத்து இல்லாததை அவள் வனைவாள். காப்பிக் கசடு, மங்குஸ்தான் தோல் வேகவைத்த தண்ணீர், சுண்ணாம்பு என்று நிறத்துக்குத் தகுந்தபடி பூசுவாள். பசை இறுகுவதற்குள் தேங்காய் நாரால் ஒத்தி எடுத்தால் வேரின் சொரசொரப்பு அச்சாக வந்துவிடும். அது அவளாகக் கண்டுபிடித்தது. கோசிமுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

“உடையாத பல்” என்றுதான் கோசிம் விற்பான். மலையில் பிறந்தவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்தால் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விடுவார்கள். குறையே இல்லாத பல் என்றால் யார் கையோ பட்டிருக்கிறது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கடற்கரை ஆட்கள் அறியமாட்டார்கள்.

ஒருமுறை பாண்டுங் நகரத்திலிருந்து கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி பல் அளக்க வந்தாள். நாலு நாள் தார்சி வீட்டில்தான் சாப்பாடு. போகிற அன்று தார்சி கூச்சத்தோடு அவளிடம் கேட்டாள், இது எங்கேயாவது இன்னும் இருக்குமா என்று. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“சுறாவுக்கு வாழ்நாள் முழுக்கப் பல்லு விழுந்துக்கிட்டே இருக்கும், புதுசு மொளைச்சுக்கிட்டே இருக்கும். ஒரு சுறாவுக்கே ஆயிரக்கணக்குல. இது உசுரோட இருந்தா கடலடியெல்லாம் புதுப்பல்லாக் கெடக்கணும். உங்க ஊர் வலையில இதுவரைக்கும் ஒன்னாவது வந்திருக்கா? எல்லாப் பல்லும் ஏன் மலையில கெடைக்குது, கடல்ல ஏன் ஒன்னுமே கெடைக்கல? யோசிச்சுப் பாருங்க.”

தார்சி யோசித்துப் பார்த்தாள். கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்று பட்டது. ஆனால் சானிப்பிடம் அவள் இதைச் சொல்லவில்லை. அந்தப் பொய் ஒன்றுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் விளையாட்டாக மிச்சமிருந்தது.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளம்பிய சானிப்பின் படகு புதன்கிழமை விடிந்தால் திரும்பியிருக்கவேண்டும். திரும்பவில்லை. காற்றில்லை, மழையில்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சானிப்போடு சேர்த்து நாலு பேர். பச்சைச் சட்டை போட்டவன் எவனாவது ஏறினானா என்று கிழவர்கள் விசாரித்தார்கள். தெற்குக் கடலடியில் அரசாளும் ராணிக்குப் பச்சை ஆகாது, போட்டவனை இழுத்துக்கொள்வாளாம். யாரும் போட்டிருக்கவில்லை.

வியாழக்கிழமை தார்சி வீட்டில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பட்டறைப் பலகையின் முன் உட்கார்ந்தாள். வெள்ளைச் சுண்ணாம்புக் குழியில் கிடைத்த பெரிய பல் ஒன்று, இடதுபக்க வேர் இல்லாமல் பல நாளாகக் கிடந்தது. அதை எடுத்து வனைந்தாள். கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்ததில், நார் ஒத்தும்போது ஒரு இழை பசைக்குள் மாட்டிக்கொண்டது. பிடுங்கினால் வேர் பிய்ந்துவிடும். மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்தாள். சாயங்காலம் கோசிம் வந்து, “வெள்ளையா, பெருசா, முழுசா ஒன்னு கேக்குறாங்க, கீழ” என்றான். பூச்சுக் காய்ந்ததும் காயாததுமாகத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். யார் கேட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் மனசெல்லாம் கடலில் இருந்தது.

சனிக்கிழமை மேற்குக் கரையில் படகின் பக்கப் பலகை ஒன்று ஒதுங்கியது. நீலப் பெயிண்ட். அதில் கோடாலியால் பிளந்ததுபோல் ஒரு பிளவு. பிளவுக்குள் குத்திக்கொண்டு ஒரு வெள்ளைப் பல். கண்டெடுத்தவர்கள் ஹாஜியாரின் ஆட்கள்.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் அதை மேசை போட்டு வைத்தார்கள். மூன்று மாவட்டத்திலிருந்து சனம் வந்தது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எதையும் லேசில் நம்பாத ஊர்க்காரர்கள்கூடப் பார்த்துவிட்டு, “அது உசுரோடதான் இருக்கு” என்றார்கள். துறைமுகத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. மலையில் பல் வாங்க ஜகார்த்தா வியாபாரிகள் வந்து இறங்கினார்கள்.

“நீ போய் அதைப் பாக்காத” என்று கோசிம் இரண்டு முறை சொன்னான். “உன் மனசு தாங்காது.” கணவனுக்கும் தன்மேல் கரிசனம் இருக்கத்தான் செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பலகை ஒதுங்கிய ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. சானிப்பின் பேரில் அன்று சாயங்காலம் நடக்கும் ஓதலுக்குச் சோறு பொட்டலம் கட்ட உதவுவதற்காகத் தார்சி காலையிலேயே இமாஸின் வீட்டுக்கு இறங்கிவந்தாள். இமாஸ் அடுப்படியில் வாழையிலையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தாள். ஏழு நாளில் அவள் முகத்தில் எலும்பு தெரிந்தது. ஆனால் அழவில்லை.

“மதினி, ஹாஜியார் ஒரு காயிதத்துல ரேகை வெக்கச் சொல்றாரு. கடல் மிருகத்தால வந்த சாவு, யார் மேலயும் குத்தமில்லைன்னு. மத்த மூணு வீட்டுலயும் வெச்சுட்டாங்க. வெச்சிடவா?”

“உன் மனசு என்ன சொல்லுது?”

“எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும்.” இமாஸ் இலையை மடித்தாள். “அவரு சொல்வாரு, அந்தச் சுறா வந்தா ஒரே கடிதானாம், வலிக்கிறதுக்கு நேரமே இருக்காதாம், அக்கா சொல்லியிருக்குன்னு. அதைப் புடிச்சுக்கிட்டுதான் நான் தூங்குறேன். நீங்க பல்லுல கைவெச்சே வாழ்றவுங்க. ஒருதடவை அதைப் பாத்துட்டு, நெசந்தான்னு சொல்லுங்க. வெச்சிடறேன்.”

தார்சியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

கொட்டகையில் நல்ல கூட்டம். தூணில் ஒரு கறுப்புக் கடா கட்டியிருந்தது. கழுத்தில் பூமாலை, அதைத் தானே எட்டித் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்ததும் அதன் தலையைக் கடலுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. கொடுத்துவிட்டால் சனிக்கிழமை ஹாஜியாரின் இரண்டாவது படகு கிளம்பும். போன படகோடு ஒரே பட்டறையில், ஒரே வருஷத்தில், ஒரே மரத்தில் கட்டிய படகு அது. அதில் போகிற ஆறு பேரில் இமாஸின் அண்ணன் ஜுமாதியும் ஒருவன். அவன் பனிக்கட்டிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன், தங்கையைப் பார்த்து நின்றான்.

“வலைய விட ஆட்டுத்தலைய நம்பிப் போறோம்” என்றான். “கடா என்னைப் பாத்துச் சிரிக்குது பாரு. நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வான்னு.”

“வாய மூடு” என்றாள் இமாஸ்.

மேசைக்கு அப்புறம் ஹாஜி மஹ்புத் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோசிமும் லென்ஸ் வைத்த ஜகார்த்தா வியாபாரி ஒருவரும். மனைவியைப் பார்த்ததும் கோசிம் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தான்.

“வாம்மா” என்றார் ஹாஜியார் இமாஸிடம். “எல்லாம் அல்லாவோட ஏற்பாடு. மனுசன் யாரைக் கேக்க முடியும்?” மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கட்டைவிரலை அழுத்தி, ஊதா மை சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதினியின் முகத்தைப் பார்த்தாள்.

தார்சி குனிந்தாள்.

முதலில் பல்லின் ஓரத்தைத்தான் பார்த்தாள். பல காலம் மண்ணில் கிடந்து மழுங்கிய ஓரம். பிறகு வேர். வலதுபக்கம் கல். இடதுபக்கம் அவளுடைய கை. கீழ்விளிம்பில், உப்புத்தண்ணீர் பட்டுப் பூச்சு உரிந்த இடத்தில், ஒரு தேங்காய் நார் இழை, சுருண்ட மயிர்போல் வெளியே தெரிந்தது.

வியாழக்கிழமை. தம்பி வருவான் வருவான் என்று அவள் உட்கார்ந்து வனைந்த பல். கீழே கேட்கிறார்கள் என்று கோசிம் எடுத்துப் போன பல். பலகை ஒதுங்கியது சனிக்கிழமை.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கோசிமைப் பார்க்கவேண்டி வரும். பார்க்காமலேயே, இரண்டு முறை அவன் போகாதே என்று சொன்னதற்கு அர்த்தம் புரிந்துவிட்டது. பலகையைப் பார்த்தாள். பிளவின் உள்பக்கம் மரம் கறுத்து, விரல் நகத்தால் கீறினால் உதிர்கிற பதத்தில் இருந்தது. நீலப் பெயிண்ட் மட்டும் தடிமனாக, பளபளவென்று.

“சொல்லுங்க மதினி” என்றாள் இமாஸ். “ஒரே கடிதானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. இவள் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள், ராத்திரி தூங்குவாள். மலையில் பல்லை நம்பிய நாற்பது வீட்டில் அடுப்பு எரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யை இன்னொரு தடவை சொன்னால் போதும். தார்சி வாயைத் திறந்துவிட்டாள். அப்போது ஜுமாதி, “சீக்கிரம், பனி உருகுது” என்று பெட்டியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் திரும்பினான்.

“ஜுமாதி, உன் லைட்டரைக் குடு” என்றாள் தார்சி.

முக்காட்டிலிருந்து பின்னைக் கழற்றினாள். அதன் முனையை நெருப்பில் காட்டினாள். சிவந்ததும் பல்லின் வலது வேரில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சூடாக்கி இடது வேரில் வைத்தாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மெல்லிய புகை. மீன் வாடைக்கும் கிராம்புச் சிகரெட் வாடைக்கும் நடுவில், பிளாஸ்டிக் பை எரிகிற நாற்றம்.

“இது நான் செஞ்சது” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “இது நான் செஞ்ச வேர். படகு காணாமப் போன மறுநாள் வனைஞ்சேன். அன்னிக்குச் சாயங்காலம் இவரு எடுத்துட்டு வந்தாரு. பலகை ஒதுங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

“ஏ” என்றான் கோசிம். “பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? தம்பி போன துக்கத்துல என்னத்தையாவது…”

“யாருக்குக் குடுத்தீங்க?”

கோசிமின் கண் ஹாஜியார் பக்கம் போய்த் திரும்பியதைக் கொட்டகையில் பாதிப் பேர் பார்த்தார்கள். “எதுக்குன்னு எனக்குத் தெரியாது” என்றான் பிறகு, தரையைப் பார்த்து. “சத்தியமா அன்னிக்குத் தெரியாது.”

ஜகார்த்தா வியாபாரி லென்ஸைப் பையில் போட்டார். “அப்ப நான் உங்க கிட்ட வாங்கினதெல்லாம்?”

“உடைஞ்சதை ஒட்டித்தான் குடுத்தோம்” என்றாள் தார்சி. “முழுசுன்னு சொல்லிக் குடுத்தோம்.”

அவர் பெட்டியை மூடிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். மலையிலிருந்து வந்து நின்ற ஒருவன், “நல்லா இருப்பியா நீ” என்று பல்லைக் கடித்தான்.

ஹாஜியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. “நான் பலகைக்குப் பூசினேன். நீ பல்லுக்குப் பூசின. என்னம்மா பெரிய வித்தியாசம்?”

“என் பல்லு மேல ஏறி யாரும் கடலுக்குப் போறதில்ல, ஹாஜியார்.”

ஜுமாதி பனிப்பெட்டியைக் கீழே வைத்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் துறைக்கு நடந்தான். கரையில் ஏற்றி வைத்திருந்த இரண்டாவது படகின் பக்கத்தில் போய் நின்று, இடுப்பிலிருந்து மீன் அறுக்கும் கத்தியை எடுத்தான். கொட்டகையிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது நீலத்தின்மேல் கத்தியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. கத்தி பிடிவரைக்கும் போயிற்று. வெந்த மரவள்ளியில் போவதுபோல் சத்தமில்லாமல் போயிற்று. உருவி, ஒரு முழம் தள்ளி இன்னொரு தடவை. அங்கேயும் அப்படியே. கூடப் போகவிருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக எழுந்து படகைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் குத்தின ஓட்டையில் விரலை விட்டு, ஈரத் தூளை வழித்துத் தரையில் உதறினான்.

கடா மாலையை ஒருவழியாக எட்டிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது.

“மதினி.”

இமாஸ் இருந்த இடத்திலேயே நின்றிருந்தாள். விரல் இன்னும் அப்படியே தூக்கியிருந்தது. மை மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது.

“அப்ப அவரு எப்படி?”

இவ்வளவு சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் விட முடியாது என்று தார்சிக்குத் தெரிந்தது.

“பலகை விட்டிருக்கும். தண்ணி ஏறியிருக்கும். எறைச்சுப் பாத்திருப்பாங்க.”

“அப்புறம்?”

“நீஞ்சியிருப்பாங்க.”

“எவ்வளவு நேரம்?”

காற்றில்லாத கடல். அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி அலைகூட இல்லை. சானிப் நன்றாக நீந்துவான். லாரியில் தொற்றிக்கொண்டு வந்த வயதிலேயே கற்றுக்கொண்டவன். மேலே வானமாவது இருக்கும் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

“விடியிற வரைக்கும்கூட இருந்திருக்கலாம்” என்றாள். “எனக்குத் தெரியல, இமாஸ். உடனே இல்ல.”

இமாஸ் மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். மை விரலைக் காகிதத்தில் வைக்கவில்லை, துணியில் துடைக்கவும் இல்லை. மற்ற கையால் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். தார்சி ஒரு அடி எடுத்து வைத்து அவள் தோளைத் தொடப் போனாள். இமாஸ் தோளை விலக்கிக்கொண்டாள். கடாவைச் சுற்றிக்கொண்டு, படகருகில் நின்ற அண்ணனைத் தாண்டி, துறைமுகத் தெருவில் திரும்பிப் போய்விட்டாள்.